வள்ளிக்கண்ணுவின் கை

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கையுறை பெட்டி பெட்டியாக வருகிறதாம். ஒரு நோயாளியைத் தொட்டதும் உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவி, அடுத்த ஜோடியை மாட்டிக்கொள்கிறார்களாம். என் தங்கை மகள் நர்ஸாக இருக்கிறாள். போன பொங்கலுக்குக் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். கரும்பு தின்று முடித்த கையோடு மூன்று பேரும் என் முன்னால் கையை நீட்டினார்கள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, முட்டிகளில் வெடித்துக் கிடந்தது.

"பெரியம்மா, இதுக்கு என்ன போட்டாலும் கேக்க மாட்டேங்குது. நீங்க அந்தக் காலத்துல என்ன போடுவீங்க?" என்றாள் தங்கை மகள்.

"போடுறது இருக்கட்டும்டி. எங்க டாக்டர் இருந்தா மொதல்ல ஒங்க கையை மோந்து பாத்திருப்பாரு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யார் அந்த டாக்டர் என்று கேட்டார்கள். வாயைத் திறந்தவள் விளக்கு வைக்கும் வரை மூடவில்லை. போகும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பேசத்தான் வரும். இருந்தாலும் அந்த மனுஷரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

நான் கீரனூர்க்காரி. பெயர் சௌந்தரம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் திருச்சியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். விவசாயக் குடும்பத்துப் பெண் கண்டவன் புண்ணையெல்லாம் தொடப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் ஒப்பாரி வைக்காததுதான் பாக்கி. அப்பா மட்டும், "படிக்கட்டும் விடுங்க" என்றார். படித்தேன். படுக்கை விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், மேட்ரனைக் கண்டால் பயப்படவும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு மூன்று ஊர் மாற்றலாகி, ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகிறவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கே இருக்கிறார்கள். நான் வந்த கொஞ்ச நாளில் மெட்ராஸிலிருந்து டாக்டர் சபேசன் வந்தார். தோல் வியாதிக்கென்றே தனியாகப் படித்தவர் என்றார்கள். ஆளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. என்னைவிட வயதில் சின்னவர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இந்தப் பொடியனுக்கெல்லாம் 'சார்' போட வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் பொருமினேன்.

வந்த முதல் நாளே அறையிலிருந்த பெரிய மேஜையை வெளியே தூக்கிப் போடச் சொன்னார். ஜன்னலோரமாக எதிரெதிரே இரண்டு ஸ்டூல். நடுவில் ஒரு சின்ன முக்காலி. அதன்மேல் மடித்த வெள்ளைத் துண்டு. வருகிறவர்கள் அந்தத் துண்டின்மேல் இரண்டு கையையும் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய சாமான். "மேஜை இல்லாத டாக்டரை இப்பத்தான் பாக்குறேன்" என்று வார்டு பாயிடம் நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "மேஜை இருந்தா கை தூரமாப் போயிடும் சிஸ்டர்" என்றார். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அவர் கை பார்க்கும் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் வந்தாலும், "வாங்க, உக்காருங்க" என்பார். பிறகு பேச்சே இருக்காது. முதலில் புறங்கை. பிறகு உள்ளங்கை. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி இடுக்கு. நகக்கண். மணிக்கட்டு. வியாதி எந்த இடத்தில் நின்றிருக்கிறதோ அந்த இடத்தில் தன் சுட்டுவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். "எங்க நிக்குதுன்னு பாருங்க சிஸ்டர். இது வரைக்கும்தான் இந்தக் கை தினம் எதுக்குள்ளயோ முங்குது" என்பார். அப்புறம் குனிந்து கையை மோந்து பார்ப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் இல்லை. மீன், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாயம் என்று மூக்கே சொல்லிவிடும். கடைசியில்தான் வாயைத் திறப்பார். "என்ன வேலை செய்யறீங்க? எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

பொன்னமராவதியிலிருந்து மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்தான். பதினைந்து வயது இருக்கும். இடது கையில் கட்டைவிரல், அடுத்த இரண்டு விரல், இந்த மூன்றின் நுனி மட்டும் வெந்து வெடித்திருந்தது. வலது கை சுத்தம். எங்கெங்கோ மந்திரித்து, தாயத்து கட்டி, கடைசியாக எங்களிடம் வந்திருந்தான். டாக்டர் மோந்து பார்த்தார். செய்து காட்டச் சொன்னார். அவன் இல்லாத பூண்டை இடது கையில் பிடித்து, இல்லாத கத்தியால் உரித்துக் காட்டினான். பிடிக்கிற விரல் மூன்றும் அப்படியே புண் இருக்கிற விரல்கள். "அடி ஆத்தி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்றோடு என் பொருமல் போயிற்று. அதற்குப் பிறகு நான் அவரை 'சார்' என்று கூப்பிட்டது மனசாரத்தான்.

கை வியாதியோடு வருகிறவர்களில் அவர் அதிகம் கவலைப்பட்டது பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான். மணமேல்குடிப் பக்கம் இறால் உரிக்கும் பெண்கள், சுண்ணாம்பு குழைக்கும் பையன்கள், முந்திரிக்கொட்டை உடைக்கும் பிள்ளைகள் என்று நிறையப் பேர் வருவார்கள். "அந்த வயசுலதான் கையை முதல் முதலா வேலைக்குக் கொடுக்கறாங்க. வேலை பழகறதுக்குள்ள கை வெந்துடுது" என்பார். பெரியவர்கள் கையில் கரப்பான் புண் வந்தால் வைத்தியம் பார்ப்பார்கள். சிறுசுகள் கையில் வந்தால் ஊரே பயந்துவிடும். அந்தக் காலத்தில் பெருவியாதிக்கு, அதுதான் தொழுநோய்க்கு, எங்கள் பக்கம் அவ்வளவு பயம். தோலில் எது வந்தாலும் முதலில் அந்தப் பெயர்தான் வாயில் வரும். அந்தப் பெயர் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, பந்தி கிடையாது, படிப்பு கிடையாது.

மருந்து என் வேலை. அதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எனாமல் பேசினில் ஆறின வெந்நீரை ஊற்றி, பெர்மாங்கனேட்டில் துளி எடுத்துப் போட்டுக் கலக்க வேண்டும். நிறம் வெளிறின ரோஜாப்பூ மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும், "இது கத்தரிக்காய் நிறம் சிஸ்டர், கொட்டிடுங்க" என்பார். கை ஊறினதும் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். துணியின்மேல் துத்தநாகக் களிம்பை, தோசைக்கல்லில் மாவு இழுப்பது போல ஒரே கனத்தில் இழுத்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டினால் போச்சு, நடுவில் ஈரம் தங்கிவிடும். கட்டு முடிந்ததும் அவரே ஒரு தடவை வந்து விரல் விரலாக அசைத்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது.

இனி வள்ளிக்கண்ணு கதைக்கு வருகிறேன்.

பக்கத்து ஊரில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. காந்தி சொன்ன ஆதாரக் கல்வி முறையில் நடந்தது. பிள்ளைகள் ராட்டை சுற்ற வேண்டும், தோட்டம் போட வேண்டும், விடுதியில் சமையல், துப்புரவு எல்லாவற்றையும் தாங்களே முறை வைத்துச் செய்ய வேண்டும். விடுதியின் வார்டன் மரகதம் அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வெள்ளைக் கதர் தவிர வேறு உடுத்த மாட்டார். கழிப்பறை கழுவ ஆள் வைக்கக் கூடாது என்று முதல் நாள் விளக்குமாற்றைத் தன் கையில் எடுத்தவர் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள். நானும் பயப்படுவேன்.

அவர்தான் ஒரு நாள் வள்ளிக்கண்ணுவை அழைத்து வந்தார். பதினேழு வயதுப் பெண், மணமேல்குடிப் பக்கத்துக் கிராமம். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். டாக்டர், "வாங்க, உக்காருங்க" என்ற பிறகும் எடுக்கவில்லை. நான்தான் மெல்ல முந்தானையை விலக்கினேன். கடவுளே! மணிக்கட்டு வரை சிவந்து தடித்து, விரல் மடிப்பெல்லாம் பிளந்து, நிணநீர் கசிந்துகொண்டிருந்தது.

"ஒரே வார்த்தை சொல்லுங்க டாக்டர். அதுவா, இல்லையா?" என்றார் மரகதம் அம்மாள். "அதுன்னா இன்னைக்கே இவ ஆத்தாவுக்குச் சொல்லி அனுப்பணும். எனக்கு மத்தப் பிள்ளைங்களும் இருக்காங்க."

டாக்டர் வள்ளிக்கண்ணுவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சைத் திரித்து ஒரு இழையால் கையில் அங்கங்கே தொட்டார். "தொட்டா சொல்லுங்க." "இங்க... இங்க..." என்றாள். குண்டூசியின் முனை, பின்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் நிரப்பி என்னிடமிருந்து வாங்கி வைத்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். முழங்கைக்குப் பின்னால் விரலை விட்டு நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். காது மடல், முதுகு ஒன்றும் விடவில்லை. பெருவியாதி என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி செத்திருக்கும். இவளுக்கோ காற்றுப் பட்டாலே எரிந்தது.

"அது இல்லம்மா. கரப்பான்தான்" என்றார் டாக்டர்.

மரகதம் அம்மாள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். ரோஸ் தண்ணி, களிம்பு, கட்டு. மளமளவென்று ஆறியது. இரண்டு வாரத்தில் தோல் மூடி, அனுப்பி வைத்தோம். நானும் என் கட்டுத் திறமையை நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தாள். கை முன்னைவிட மோசம்.

இந்தத் தடவை மரகதம் அம்மாள் உட்காரவே இல்லை. "நீங்க இல்லேங்கிறீங்க டாக்டர். நான் நம்பினேன். ஆனா பிள்ளைங்க நம்பல. கமலம்னு ஒருத்தி, இவ பக்கத்துல படுத்திருந்தவ, பாயைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போய்ட்டா. அவளைப் பாத்து எல்லாரும் நகந்துட்டாங்க. இவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வீடுகள்ல இருந்து வந்து கேக்குறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் இவளை ஊருக்கு அனுப்பித்தான் ஆகணும்." அவர் குரலில் கடுமை இருந்தது. கண் கலங்கியிருந்ததையும் நான் பார்த்தேன்.

கட்டுப் போடும்போது வள்ளிக்கண்ணு அழுதாள். "அக்கா, என்னைய ஊருக்கு மட்டும் அனுப்பிறாதீங்க. வியாதின்னு வெலக்கிட்டாங்கன்னு ஒரு வார்த்தை போய்ச் சேந்தாப் போதும். எங்க தெருவுல ஒருத்தரும் எங்க வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டாக. எனக்குக் கலியாணம் வேண்டாம்க்கா, எனக்கடுத்து தங்கச்சி ரெண்டு பேரு இருக்காளுக. டீச்சராயிட்டா அவளுகள நான் பாத்துக்கிருவேன்னு நெனச்சேன்" என்றாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் அன்று மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "இங்க ஆறுது. அங்க போனா வருது. அங்க அவ கைக்கு என்ன நடக்குதுன்னு நாம பாக்கலையே சிஸ்டர்" என்றார். என்ன வேலை என்று அவளிடம் முதலிலேயே கேட்டிருந்தார். "எல்லாரும் செய்யிற வேலைதான் சார்" என்று சொல்லியிருந்தாள். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் அவரும் வள்ளிக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போனோம். மரகதம் அம்மாளிடம் சொல்லிவிட்டு, கிணற்றடியில் ஒரு கல்லில் டாக்டர் உட்கார்ந்தார். வள்ளிக்கண்ணுவின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். "வழக்கமாக் காலைல என்னென்ன செய்வீங்களோ, அதைத் தண்ணி தொடாம சும்மா செஞ்சு காட்டுங்க" என்றார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடித்துக் காட்டினாள். வாளியில் தண்ணீர் இறைத்தாள். சுண்ணாம்பும் பினாயிலும் கலந்தாள். கழிப்பறை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சாக்கடையைத் தள்ளினாள். கிணற்றடியைத் தேய்த்தாள். பிறகு வந்து கார்பாலிக் சோப்பால் முழங்கை வரை கை கழுவினாள். தன் தனித் தட்டைச் சாம்பல் போட்டு விளக்கினாள். மறுபடி சோப். வகுப்புக்குப் போகுமுன் வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் கையை முக்கினாள். மறுபடி சோப். ராட்டையைத் தொடுமுன் ஒரு தடவை, புத்தகத்தைத் தொடுமுன் ஒரு தடவை. பார்க்கப் பார்க்க என் கையே எரிந்தது.

"துப்புரவு முறை மத்தவங்களுக்கும் உண்டுதானே?" என்றார் டாக்டர்.

"உண்டு சார். ஆளுக்கு ஒரு வாரம், அப்புறம் சமையல், தோட்டம்னு மாறும். எனக்கு மட்டும் மாறல" என்றாள்.

மரகதம் அம்மாள் முன்னால் வந்தார். "நான்தான் மாத்த வேண்டாம்னேன். புண்ணு கையோட சமையலுக்கு எப்படி விடுறது? சும்மா ஒக்கார வச்சா அவ மனசு உடைஞ்சு போகும். துப்புரவுதான் இங்க ஒசந்த வேலை, அதைக் குடுத்தா அவளுக்கு மரியாதைன்னு நெனச்சேன். சோப்பும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். கை சுத்தமா இருந்தா ஆறிரும்னு..." என்று நிறுத்தினார்.

டாக்டர் எல்லாப் பிள்ளைகளையும் பிரார்த்தனைக் கூடத்தில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னார். வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அங்கொருத்தி இங்கொருத்தியாகச் சில பேருக்கு விரல் இடுக்கு சிவந்து செதில் விட்டிருந்தது. பயந்துபோய் அவர்கள் அதுவரை மறைத்திருந்தார்கள். கூடத்தில் சலசலப்பு.

"பாத்தீங்களா, தொத்திருச்சு!" என்றார் மரகதம் அம்மாள்.

டாக்டர் அந்தப் பிள்ளைகளிடம் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். "கடைசியா என்ன முறை பாத்தீங்க?"

"துப்புரவு சார்."

"நீங்க?"

"துப்புரவு சார்."

"வள்ளிக்கண்ணு பக்கத்துல படுப்பீங்களா?"

"ஐயையோ, இல்ல சார். நான் அந்தக் கோடியில படுப்பேன்."

பிறகு, "கமலம் யாரு?" என்று கேட்டார். ஒரு குண்டுப் பெண் எழுந்து வந்தாள். நன்றாகச் சமைப்பாள் என்று அவளைப் பெரும்பாலும் சமையலிலேயே விட்டிருந்தார்கள். டாக்டர் அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். பூப்போல இருந்தது. "இத்தனை மாசம் பக்கத்துலயே படுத்திருந்த கை இது. இதுல ஒண்ணுமில்ல. அந்தப் பெண் கிட்டேயே போகாத கைல இருக்கு. இது ஆள்கிட்டேருந்து வரலம்மா. வாளியிலேருந்து வருது."

மரகதம் அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் பிள்ளைகள் முன்னால் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அப்ப நான்தான் இந்தப் பிள்ளை கையைக் கெடுத்தேனா?" என்றார்.

டாக்டரும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "நீங்க நல்லதுதாம்மா செஞ்சீங்க. கொஞ்சம் அதிகமாச் செஞ்சுட்டீங்க" என்றார்.

அங்கேயே மருந்துச் சீட்டு எழுதினார். களிம்பு. ராத்திரி போட்டுக்கொள்ளத் துணிக் கையுறை, அது என் தையல். சோப், சாம்பல், பினாயில் தொடக் கூடாது. கை ஆறின பிறகும் மூன்று மாதம் தண்ணீர் வேலை கூடாது. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தினமும் பந்தியில் சோறு பரிமாற வேண்டும்.'

மரகதம் அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். "பரிமாறவா? பிள்ளைங்க வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது டாக்டர்?"

"டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துன்னு சொல்லுங்க."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வரும்போது, வள்ளிக்கண்ணு முன்சீட்டில் தூங்கிவிட்டதும், பஸ்ஸில் கேட்டே விட்டேன். "பரிமாறச் சொல்றது எந்தப் புஸ்தகத்துல சார் இருக்கு?"

"கரண்டிக் காம்பு காஞ்சுதானே சிஸ்டர் இருக்கும்?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார். "சும்மா உக்கார வெச்சா, இவளுக்கு மட்டும் ஏன் வேலை இல்லைன்னு நாளைக்கே ஒருத்தர் கேப்பாங்க. மறுபடி வாளியத்தான் கையில குடுப்பாங்க. சோறு போடற கையை யாரும் அங்க அனுப்ப மாட்டாங்க." மீசை முளைக்காத அந்த மனுஷரை அன்றைக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் எப்படிக் கும்பிடுவது?

வள்ளிக்கண்ணுவின் கை மறுபடி ஆஸ்பத்திரியில் ஆறியது. புதுத்தோல் மூடி, கோடு கோடாகத் தழும்பு மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கெடுப் பேச்சை மரகதம் அம்மாள் எடுக்கவே இல்லை. ஆனால் பிள்ளைகள் தட்டை நீட்டாவிட்டால் வள்ளிக்கண்ணு அங்கே எப்படி இருப்பாள்? அவளாகவே மூட்டையைக் கட்டிவிடுவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "நீங்க கூடப் போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மரகதம் அம்மாள் சோற்றுக் கரண்டியை எடுத்து வள்ளிக்கண்ணு கையில் கொடுத்தார். அன்னக்கூடையை இன்னொரு பெண் தூக்கி வந்தாள். முதல் வரிசையில் முதல் பெண்ணின் முன்னால் வள்ளிக்கண்ணு குனிந்தாள். அந்தப் பெண் தட்டின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, "எனக்குப் பசிக்கல" என்றாள். அடுத்தவள் தலையே நிமிரவில்லை. அதற்கடுத்தவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கரண்டியிலிருந்த சோறு தரையில் சிந்தியது. இவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

மரகதம் அம்மாள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். அன்றைக்குத் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வரிசையின் முதலில், அந்தப் பசிக்காத பெண்ணுக்கு முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை நீட்டினார்.

"எனக்குப் போடு தாயி."

வள்ளிக்கண்ணு போட்டாள். குழம்பு வந்தது. அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து, "என்ன இது, கிள்ளிப் போடுறே? இன்னும் கொஞ்சம் வையி" என்றார். இரண்டாவது கரண்டி விழுந்தது. பிறகு பக்கத்துப் பெண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான். "பசிக்குதுடி, எனக்கும் போடு" என்று அவள் தட்டு வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கமலத்தின் தட்டும் வந்தது.

எல்லோருக்கும் போட்டு முடித்ததும் வள்ளிக்கண்ணு வழக்கப்படி வெளியே ஜன்னல் திட்டில் இருந்த தன் தனித் தட்டை எடுக்கப் போனாள். "எங்கிட்டுப் போறே? அதை எடுத்துக்கிட்டு வந்து இங்கன ஒக்காரு" என்றார் மரகதம் அம்மாள். தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, தானே அவளுக்குச் சோறு போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் அழுதால் நன்றாகவா இருக்கும்?

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். டாக்டர் யாரோ ஒரு பையனின் கையைத் துண்டின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை மூடிக்கொண்டது, மரகதம் அம்மாள் வந்து உட்கார்ந்தது, இரண்டாவது கரண்டி கேட்டது எல்லாம். அவர் தலை நிமிரவே இல்லை. ஒரு 'சபாஷ்' சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அவ தட்டை யாரு கழுவினது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷருக்கு அதுதான் கவலை. நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டு எழுந்ததும் வள்ளிக்கண்ணு பழக்க தோஷத்தில் தட்டோடு கிணற்றடிக்குத்தான் நடந்தாள். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுடி இங்கிட்டு! ஒன்னையத் தண்ணி தொடக் கூடாதுன்னாருல்ல டாக்டரு" என்று ஒரு அதட்டல். அந்தத் தட்டைத் தன் எச்சில் தட்டின்மேலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கழுவினாள்.

"யாரு அது?"

"கமலம் சார். பாயைத் தூக்கிக்கிட்டுப் போனாளே, அவதான்."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அப்ப ஆறிடும் சிஸ்டர்" என்றார்.

ஆறியது. மறு வருஷம் பயிற்சி முடிந்ததும் வள்ளிக்கண்ணு ஊருக்குப் போனாள், டீச்சராக.